வாசனை எண்ணெய்க்காக மல்லிகைப் பூவைக் குக்கரில் வடித்தால் கீரை வாடை வருவது ஏன்?

குக்கரை ஓரங்கட்டுங்க. இரண்டு கிலோ மல்லியை ஆவியில வடிச்சும் வெந்த கீரை வாடைதான் வருதுன்னா, பெரும்பாலும் சூடுதான் காரணம். ரோஜா தாங்கும், மல்லி தாங்காது.

பறிச்ச பிறகும் ராத்திரி முழுக்க மணம் விடுற பூ இது. அதனாலதான் பிரான்சின் கிராஸ் ஊர்ல கண்ணாடிச் சட்டத்துல மணத்தை உறிஞ்சுற கொழுப்பைப் பூசி, மேலே மல்லிகையைப் பரப்பி, தினமும் பழசை எடுத்துட்டுப் புதுசு வைச்சாங்க. வாரக்கணக்கில் இதே வேலை! அப்புறம் கொழுப்பைச் சாராயத்துல கழுவி மணத்தைப் பிரிப்பாங்க. இப்போ ஆலைகள்ல கொழுப்புக்குப் பதிலா ஹெக்சேன்ங்கிற கரைப்பான்.

வீட்டுல பார்க்கணும்னா: கண்ணாடித் தட்டுல வாசனையில்லாத வனஸ்பதியைப் பூசுங்க (தேங்காய் எண்ணெய் நம்ம வெயிலுக்கு உருகிடும்). தினமும் சாயங்காலம் புது மொட்டு வைங்க, காலையில பழுப்பேறுமுன் எடுத்துடுங்க. நாலாம் நாள் முகர்ந்து பாருங்க.

ஒண்ணு மட்டும். பூக்காரங்க தெளிச்ச தண்ணியைத் துணியில ஒத்தி எடுத்துடுங்க. என் முதல் தட்டு பூஞ்சை பிடிச்சுப் போனது அதனாலதான்.

உத்தரப் பிரதேசத்துல அத்தருக்குப் பேர்போன கன்னோஜ் ஊர்ல மல்லியையும் வடிக்கிறாங்களேன்னு கேட்பீங்க. அங்கே செப்புப் பானை, மெல்லிய தீ, ஆவி போய்ச் சேருற குடத்துல சந்தன எண்ணெய். விசில் அடிக்கிற குக்கர் இல்லை.