பாக்கலா உப்புக் கரிக்காமல் இருக்க

கேள்வி: நியூஜெர்சியில் இருக்கிறேன். கணவர் வீட்டார் இத்தாலிய அமெரிக்கர்கள். டிசம்பர் 24 இரவு ஏழு மீன் விருந்துக்குக் கணவரின் பாட்டி முதல் குழந்தைகள் வரை 12 பேர் கூடுவோம். பாக்கலா என்ற உப்பு மீன் என் பொறுப்பு. ஒருமுறை செய்து பார்த்தேன், வாயில் வைக்க முடியாத உப்பு. கருவாட்டைப் போல வெந்நீரில் போட்டுத்தான் அலசினேன். எங்கே தவறு?

பதில்: வெந்நீரில்தான். கருவாட்டைக் குழம்பில் கொஞ்சமாகப் போடுகிறோம். அதன் உப்பே குழம்புக்கு ருசி. பாக்கலா என்பது உப்பிட்டு உலர்த்திய, கனமான காட் மீன் துண்டு. அந்தச் சதையையே தட்டில் வைத்துச் சாப்பிடுகிறார்கள். நடுச்சதையின் உப்பு வெளியேற இரண்டு மூன்று நாள் ஆகும். வெந்நீர் பட்டால் மேல்சதை வெந்துவிடும், உள்ளே உப்பு அப்படியே நிற்கும்.

மற்ற வகைகளும் இருப்பதால் 12 பேருக்கு 1 கிலோ போதும், ஊறினால் எடை கூடும். வால் பக்கம் வேண்டாம், நடுத்துண்டாகக் கேளுங்கள். கனம் ஒன்றுபோல் இருந்தால்தான் உப்பும் ஒன்றுபோல் இறங்கும். கட்டை மாதிரி விறைத்துக் கிடக்கும் ஸ்டாக்கஃபிஸ்ஸோவை எடுத்துவிடாதீர்கள். அது உப்பில்லாமல் காற்றில் உலர்ந்தது, ஊறவே ஒரு வாரம் போல் பிடிக்கும்.

21ஆம் தேதி மாலை தொடங்குங்கள். ஒட்டியிருக்கும் உப்பைக் குழாய் நீரில் அலசுங்கள். ஆழமான பாத்திரத்தின் அடியில் கம்பித்தட்டு ஒன்றை வைத்து, தோல் மேலே பார்க்கத் துண்டுகளை அடுக்குங்கள். உப்புநீர் கனமானது, அடியில் போய்த் தங்கும். மீன் அதிலேயே கிடந்தால் உப்பு இறங்காது. தோல் உப்பைத் தடுக்கும் என்பதால் சதைப்பக்கம் கீழே இருக்கட்டும். துண்டுகளுக்கு மேல் நாலு விரற்கடை தண்ணீர் நிற்க வேண்டும். காலை, மதியம், இரவு என மூன்று வேளையும் தண்ணீர் மாற்றுங்கள். எல்லாம் ஃபிரிட்ஜுக்குள்தான். உப்பு போன மீன் பச்சை மீன் மாதிரி, வெளியே வைத்தால் கெட்டுவிடும்.

24 காலை, இருப்பதிலேயே கனமான துண்டின் நடுவிலிருந்து நகமளவு கிள்ளி, வெறும் தண்ணீரில் வேகவைத்து ருசி பாருங்கள். ஓரத்தில் கிள்ளினால் ஏமாந்துபோவீர்கள். இன்னும் கரித்தால் துண்டுகளைச் சிறிதாக்கி, மணிக்கொரு தரம் தண்ணீர் மாற்றுங்கள். சப்பென்று ஆகிவிட்டால் கவலையே இல்லை, உப்புச் சேர்த்துக்கொள்ளலாம்.

பாட்டியும் குழந்தைகளும் சாப்பிடப்போகிறார்கள்; சதையை விரலால் தடவி, தட்டுப்படும் முள்ளையெல்லாம் இடுக்கியால் இழுத்துவிடுங்கள். ஊறிய பிறகு எளிதாக வரும்.

வேகும்போது தண்ணீர் தளதளவெனக் கொதிக்கக் கூடாது, சதை நார்நாராகிவிடும். ஓரத்தில் சிறு குமிழி எழும் சூட்டில் 8 முதல் 10 நிமிடம் போதும். தக்காளி சாஸில் செய்தால் ஆலிவும், கேப்பர் என்ற உப்பில் ஊறிய பூமொட்டும் உப்பு ஏற்றும், கடைசியில் ருசி பார்த்த பிறகே உப்புப் போடுங்கள். கோழிச்சாறு, பன்றிக்கறி கிட்டவே வரக் கூடாது. கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள் கறி விலக்கும் கத்தோலிக்க வழக்கத்திலிருந்து வந்த விருந்து இது.

சாலடா, சாஸா, பொரிப்பதா என்று பாட்டியிடம் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். பொரிப்பதென்றால் ஊறிய துண்டுகளைத் துணியால் ஒற்றி, ஃபிரிட்ஜில் ஒரு மணி நேரம் மூடாமல் வையுங்கள். ஈரம் இருந்தால் எண்ணெய் தெறிக்கும், மேல்மாவும் உரிந்துபோகும்.