பாட்ஸ்குவாரோ போறவங்க நேரா கடைக்குப் போகலாமா?

வணக்கம் சார். ஆபீஸ் வேலையா மெக்சிகோ சிட்டி போறேன். ரெண்டு நாள் லீவு போட்டு மிச்சோகான் மாநிலத்துல இருக்குற பாட்ஸ்குவாரோ போகலாம்னு பிளான். கைவினைப் பொருள் வாங்குறதுக்குத்தான் எல்லாரும் அங்க போறாங்களாம். மியூசியம், பழைய கட்டிடம் இதுக்கெல்லாம் நேரம் ஒதுக்கணுமா, இல்ல நேரா கடைக்குப் போயிடலாமா?
– வித்யா

வித்யா, தயவுசெஞ்சு மியூசியத்துக்கு முதல்ல போங்க, கடை அப்புறம்.

அந்த ஊருக்குப் போனா எங்க பாத்தாலும் வாஸ்கோ தெ கிரோகாவோட பேச்சுதான். 1531ல நீதிபதியா ஸ்பெயின்லேர்ந்து வந்து பிறகு அங்கயே பிஷப் ஆனவர், அடிபட்டு செதறிப்போன புரேபெச்சாங்கிற அந்தப் பகுதிப் பூர்வகுடி ஜனங்களைக் கூட்டி ஊருக்கு ஒரு தொழில்னு பிரிச்சுக் கொடுத்தார்னு சொல்லுவாங்க. அவர் நல்லது செஞ்சவர்தான், ஆனா எல்லாமே அவர் கத்துக்கொடுத்ததுங்கிற மாதிரி சொல்றப்ப எனக்கு மனசு ஒப்பாது, ஏன்னா செம்பு வேலையும் மெருகு வேலையும் ஸ்பானியர்கள் வர்றதுக்கு முன்னாடியே அந்த ஜனங்க கையில இருந்த தொழில்.

அந்த ஊர் கைவினை மியூசியத்துல இதைக் கண்ணாலயே பாக்கலாம். அந்தக் கட்டிடமே 1540ல கிரோகா ஆரம்பிச்ச சான் நிக்கோலாஸ் கல்லூரி, அதுக்குப் பின்னாடி போனா பழைய புரேபெச்சா மேடையோட கல்லு இன்னும் கிடக்கு, பக்கத்துலயே அவங்க மரவீடு ஒண்ணும் இருக்கு. உள்ள மாக்கே மெருகு போட்ட தட்டு, சுரைக்குடுக்கை எல்லாம் கிட்டப் போய் நின்னு பாருங்க. ஒரு பூச்சியிலேர்ந்து எடுக்குற கொழுப்பு, சியா விதை எண்ணெய், மண்ணுப்பொடி, இதையெல்லாம் உள்ளங்கையாலயே தேச்சுத் தேச்சு ஏத்துற பளபளப்பு அது, பாட்ஸ்குவாரோகாரங்க அதுமேல தங்க ரேக்கு ஒட்டி பூ வரைவாங்க. இதைப் பாத்துட்டு, முன்னாடி கன்னியர் மடமா இருந்த 11 முற்றத்து வீட்டுக்குப் போனீங்கன்னா அங்க பட்டறையில உக்காந்து வேலை செய்றவங்க என்ன செய்றாங்கன்னு புரியும், சொல்ற விலையும் அதிகமா தெரியாது. பேரம் பேசாதீங்க.

பசிலிக்காவுல இருக்குற மாதா சிலையையும் விடாதீங்க, அது மரமோ கல்லோ இல்ல, மக்காச்சோளத் தட்டைக்குள்ள இருக்குற தக்கையையும் ஆர்க்கிட் கிழங்குப் பசையையும் கலந்து செஞ்சது, புரேபெச்சாக்கள் தங்களோட சாமிகளை இப்படித்தான் செஞ்சாங்க, வந்தது புது மதம்னாலும் செஞ்ச கை பழசு.

நூலகத்துக்கு சாயங்காலமா போங்க. பழைய அகஸ்டின் சபை சர்ச்சுதான் இப்ப நூலகம், 1817ல அந்த ஊர்லயே சுட்டுக் கொல்லப்பட்ட விடுதலைப் போராளி கெர்ட்ரூதிஸ் போகானேக்ரா பேரை வச்சிருக்காங்க. கடைசி சுவர் முழுக்க ஹுவான் ஓகோர்மன் 1940கள்ல வரைஞ்ச மிச்சோகான் சரித்திரம், வெற்றியும் கொடுமையும் ரெண்டுமே இருக்கு, அவசரப்படாம நின்னு பாருங்க.

ரெண்டாவது நாள் சான்டா க்ளாரா தெல் கோப்ரேங்கிற ஊருக்குப் போங்க, பக்கம்தான், அங்க செம்புக்குன்னே தனி மியூசியம் இருக்கு, பட்டறையில சுத்தியல் அடிச்சு பாத்திரம் எழும்புறதையும் பாக்கலாம். ஆனா திங்கட்கிழமை மட்டும் வேணாம், அங்க பெரும்பாலான அரசு மியூசியம் அன்னைக்கு மூடியிருக்கும்.