தசமபாகம் (வருமானத்தில் பத்தில் ஒரு பங்கு) தவறாமல் கொடுத்தும் கடன் தீரவில்லை. கர்த்தர் தாராளமாகக் கொடுப்பவர் என்று எப்படி நம்புவது?

"இன்னும் எவ்வளவு விசுவாசம் வேண்டும்?" என்று கேள்வியின் கடைசியில் கேட்டிருக்கிறீர்கள். உங்கள் விசுவாசம் போதாததால்தான் கடன் தீரவில்லை என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள் போல. அவர் யாராக இருந்தாலும் கொஞ்ச நாளைக்கு அவர் பேச்சைக் கேட்காமல் இருங்கள்.

நான் தூத்துக்குடிப் பக்கத்து சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபையில் பிறந்து வளர்ந்தவள். இறையியல் படித்ததில்லை. பெண்கள் ஐக்கிய சங்கத்தில் பொருளாளராக இருந்திருக்கிறேன். காணிக்கை எண்ணிய பழக்கம் உண்டு. அந்த அளவில் என் பதிலை எடுத்துக்கொள்ளுங்கள்.

கர்த்தர் தாராளமானவர் என்பதை நான் முழு மனதோடு நம்புகிறேன். ஆனால் அந்தத் தாராளத்தை நம் ஆட்கள் விற்கிற விதம்தான் எனக்குப் பிடிக்கவில்லை. டிசம்பர் 31 ராத்திரி ஆராதனையில், புது வருஷத்துக்கென்று வசனம் அச்சடித்துக் கொடுக்கும் வாக்குத்தத்த அட்டைகளைப் பாருங்கள். பெருகப்பண்ணுவேன், உயர்த்துவேன், இரட்டிப்பாய்த் தருவேன் என்றுதான் வரும். "உலகத்தில் உங்களுக்கு உபத்திரவம் உண்டு" என்று இயேசு சொன்னதும் வாக்குத்தத்தம்தானே? அதை அச்சடித்து யாரும் நம் கையில் கொடுப்பதில்லை. கொடுத்தால் அடுத்த வருஷம் கூட்டம் குறைந்துவிடும்.

அப்புறம் மல்கியா 3:10. உங்களுக்கும் இதைத்தான் காட்டியிருப்பார்கள். "வானத்தின் பலகணிகளைத் திறந்து, இடங்கொள்ளாமற்போகுமட்டும்" ஆசீர்வாதத்தை வருஷிப்பேன் என்கிற வசனம். இதன் முதல் பாதியை அவசரமாக வாசித்துவிட்டுப் பின்பாதிக்குத் தாவுவது வழக்கம். முதல் பாதியில் இருப்பது "என் ஆலயத்தில் ஆகாரம் உண்டாயிருக்கும்படி" என்பது. ஆகாரம். அந்தக் காலத்தில் தசமபாகம் என்பது தானியமும் திராட்சரசமும் எண்ணெயும். அதைக் கொண்டுவராததால் லேவியர் ஆலய வேலையை விட்டுவிட்டு அவரவர் வயலுக்கு ஓடிப்போனார்கள் என்று நெகேமியா 13-ல் எழுதியிருக்கிறது. அதே மல்கியா 3-ல், ஐந்து வசனம் முன்னால், கூலிக்காரனின் கூலியைப் பிடித்துவைப்பவர்களையும் விதவையையும் அநாதையையும் ஒடுக்குகிறவர்களையும் கர்த்தர் கண்டிக்கிறார். பண்டசாலை காலி, அதனால் சாப்பாடு இல்லாமல் கிடப்பவர்கள் இருக்கிறார்கள், அதை நிரப்புங்கள் என்பதுதான் அங்கே பேச்சு. வானத்தைத் திறக்கிற வாக்கும் அந்த ஜனம் முழுவதற்கும்தான். பத்து சதவீதம் போட்டால் உங்கள் வங்கிக் கணக்கில் இத்தனை ஏறும் என்ற கணக்கு அதில் எங்கேயும் இல்லை.

இன்னொரு இடம் இருக்கிறது, பிரசங்கத்தில் அதிகம் கேட்க முடியாது. உபாகமம் 14. பத்தில் ஒரு பங்கைக் கொண்டுபோய்க் கர்த்தருடைய சந்நிதியில் நீயும் உன் வீட்டாரும் சாப்பிட்டுச் சந்தோஷப்படுங்கள் என்கிறது. தூரம் அதிகம் என்றால் தானியத்தை விற்றுப் பணமாக்கிக் கொண்டுபோய், அங்கே ஆடோ மாடோ மனசுக்குப் பிடித்ததை வாங்கிச் சாப்பிடலாம். மூன்றாவது வருஷத்துப் பங்கை மட்டும் ஊரிலேயே வைத்துவிட வேண்டும். லேவியனும் பரதேசியும் திக்கற்ற பிள்ளையும் விதவையும் வந்து திருப்தியாகச் சாப்பிட வேண்டும்.

இதை முதல்தடவை ஊன்றி வாசித்தபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அட, இது நம்ம ஊர் அசனம்!

திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கம் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். கோயில் (நாங்கள் சர்ச்சை அப்படித்தான் சொல்வோம்) பண்டிகை முடிவில் சபை மொத்தமும் சேர்ந்து சமைத்துச் சாப்பிடுவதுதான் அசனம். அரிசி கொடுப்பவர் அரிசி, ஆடு கொடுப்பவர் ஆடு, ஒன்றும் முடியாதவர் வெங்காயம் உரிக்க வந்து உட்காருவார். சோற்றை வடித்துப் புதுப் பாயில் மலை மாதிரி கொட்டுவார்கள், ஆவி பறக்கும். ஐயர், அதாவது சபைப் போதகர், ஜெபம் செய்ததும் பந்தி. யார் எவ்வளவு கொடுத்தார்கள் என்று இலையைப் பார்த்துச் சொல்ல முடியாது. கோயிலுக்கே வராதவர்களும், பக்கத்துத் தெரு இந்துக் குடும்பங்களும் உட்காருவார்கள். முடிந்தபின் வீட்டுக்கு வாளியில் வாங்கிப்போவதும் உண்டு. (சாதி பார்த்து ஒதுக்கிவைத்த வரலாறும் எங்கள் சபைகளுக்கு உண்டு. அதைப் பேச இந்தப் பதில் போதாது.)

அறுப்பின் பண்டிகை ஏலத்தையும் சொல்லவேண்டும். ஒருவர் வீட்டு மரத்தில் காய்த்த எலுமிச்சம்பழம் ஏலத்தில் ஆயிரக்கணக்கில் போகும். எடுத்தவர் பணத்தைக் கட்டிவிட்டு, பழத்தைத் திரும்பக் கோயிலுக்கே கொடுத்துவிடுவார். அது மறுபடி ஏலத்துக்கு வரும். வெளியூரிலிருந்து கட்டிக்கொண்டு வந்த மருமகள்கள் இதைப் பார்த்து முழிப்பார்கள்! இதில் வீம்புக்கு ஏலம் கேட்பவர்கள் இருக்கிறார்கள், தெரியும். ஆனாலும் ஒரு பழம் கைமாறிக் கைமாறிப் போவதைப் பார்க்கும்போது வேதாகமத்தில் வரும் தாவீது ராஜாவின் ஜெபம்தான் எனக்கு நினைவுக்கு வரும்: "எல்லாம் உம்மால் உண்டானது, உமது கரத்திலே வாங்கி உமக்குக் கொடுத்தோம்."

என் நம்பிக்கை இதுதான். கர்த்தர் அளவில்லாமல் கொடுக்கிறார். ஆனால் ஆளாளுக்குத் தனித்தனியாகப் பொட்டலம் கட்டிக் கொடுப்பதில்லை. பந்தியில் வைக்கிறார். அது நம் கைவழியாகப் போகும், அடுத்தவர் கைவழியாக நமக்கு வரும். எனக்கு எவ்வளவு திரும்ப வந்தது என்று எண்ணத் தொடங்கினால் அவர் தாராளம் கண்ணில் படவே படாது.

கைப்பிடி அரிசி என்று ஒன்று உண்டு. உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியை எடுத்துத் தனி டப்பாவில் போட்டுவைப்பது. மிசோரமில் 1910-லிருந்து இதை ஒரு சபையே கட்டிக்காத்து வருகிறது. வேதநாயகம் அசரியாவும் இதைப் பெரிதாக நினைத்தவர். 1874-ல் வெள்ளாளன்விளையில் பிறந்தவர், 1903-ல் திருநெல்வேலியில் இந்திய மிஷனெரி சங்கம் தொடங்கியவர்களில் ஒருவர், 1912-ல் ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயர் ஆனவர். அவர் பேராயராகப் போன, தெலுங்கு பேசும் தோர்ணக்கல் திருமண்டலத்தில் பெரும்பாலும் மாலா, மாதிகா என்ற ஒடுக்கப்பட்ட சாதி மக்கள், அன்றாடக் கூலிகள். இவர்களிடம் போய்க் கேட்கலாமா என்று அவர் தயங்கவில்லை. சமைக்கும்போது ஒரு பிடி எடுத்துவைக்கப் பெண்களைப் பழக்கினார். ஏழை என்றால் வாங்க மட்டுமே தெரிந்தவன் என்று அவர் நினைக்கவில்லை; அதுதான் எனக்குப் பிடித்தது.

எங்கள் சங்கத்திலும் இந்த அரிசி வரும். ஒரே சாக்கில்தான் கொட்டுவோம். பொன்னியும் ரேஷன் அரிசியும் பச்சரிசியும் கலந்து கிடக்கும். வடித்தால் பாதி குழையும், பாதி விறைப்பாக நிற்கும். அதைத் துணை இல்லாதவர்களுக்குக் கொண்டுபோய்க் கொடுப்போம். இட்லி விற்கிற ஒரு அக்காவின் வீட்டுக்கு நானே கொண்டுபோய் வைத்திருக்கிறேன். ஆட்டினால் இட்லி கல்லாகுது என்று திட்டிக்கொண்டேதான் வாங்கிக்கொள்வார். என் கணவர் ஆபரேஷனுக்காக ஆஸ்பத்திரியில் கிடந்தபோது அந்த அக்கா பஸ் ஏறி வந்தார். தூக்குச்சட்டியில் ரசம் சாதம், முந்தானை முடிச்சில் இருநூறு ரூபாய். வேண்டாம் அக்கா என்றேன். "நீ கொண்டாந்தப்ப நான் வாங்கலையா?" என்றார். வாங்கிக்கொண்டேன். ஆஸ்பத்திரி பில்லுக்கு முன்னால் இருநூறு ரூபாய் ஒன்றுமே இல்லை. பாக்கிக்கு நகையை அடகு வைத்தோம்; திருப்பக் கொஞ்சம் காலம் பிடித்தது. வானம் திறந்து பணம் கொட்டவில்லை. ஆனால் கர்த்தர் எங்களைக் கைவிட்டார் என்று என்னால் சொல்ல முடியாது.

கொடுக்கத் தெரிந்த பலருக்கு வாங்கத் தெரியாது. கடன் இருப்பதைச் சபையில் ஒருவருக்கும் சொல்லாமல், காணிக்கைக் கவரை மட்டும் மாதாமாதம் போட்டுக்கொண்டிருந்தால் பந்தியில் பாதிதான் நமக்குத் தெரியும். நீங்களும் அப்படி இருக்கிறீர்களோ என்று ஒரு சந்தேகம், அதனால் சொல்கிறேன்.

சரி, கேட்டும் கிடைக்காதவைக்கு என்ன பதில்? இதற்கு ஆமி கார்மைக்கேலைப் பற்றிப் பேசாமல் இருக்க முடியாது. அயர்லாந்துக்காரர், திருநெல்வேலிப் பக்கத்து டோனாவூரில் 1901 முதல், இந்துக் கோயில்களுக்கு நேர்ந்துவிடப்படும் ஆபத்தில் இருந்த பெண் பிள்ளைகளைச் சேர்த்து வளர்த்தார். பணம் வேண்டும் என்று வெளியே யாரிடமும் கேட்பதில்லை, கடன் வாங்குவதில்லை என்று கட்டுப்பாடு வைத்திருந்தார். அப்படியே நூற்றுக்கணக்கான பிள்ளைகளுக்குச் சோறும் துணியும் வீடும் வைத்தியமும் நடந்தது. இந்தப் பாதியைத்தான் கன்வென்ஷன்களில் சொல்வார்கள். 1931-ல் அவர் களக்காட்டில் ஒரு குழியில் விழுந்து காலை முறித்துக்கொண்டார். அதன்பின் எழுந்து நடமாடும் பழைய வாழ்க்கை திரும்பவே இல்லை. 1951-ல் சாகும்வரை ஏறக்குறைய இருபது வருஷம் பெரும்பாலும் அறைக்குள்தான். பிள்ளைகளெல்லாம் ஜெபித்துக்கொண்டுதான் இருந்தார்கள். அத்தனை பேருக்கும் படியளந்த கர்த்தர் அந்த அம்மாவுக்கு ஏன் சுகம் கொடுக்கவில்லை? விசுவாசக் குறைவு என்று அவரைப் பார்த்துச் சொல்ல யாருக்காவது வாய் வருமா?

பவுல் கதையும் அதுதான். "பெருக விதைக்கிறவன் பெருக அறுப்பான்" என்று காணிக்கை நேரத்தில் வாசிக்கிறோமே, அது 2 கொரிந்தியர் 9. அங்கிருந்து மூன்று அதிகாரம் தள்ளி, அதே கடிதத்தில், தன் உடம்பில் முள் மாதிரி குத்திய தீராத வேதனையை எடுத்துப்போடும்படி மூன்று தரம் கேட்டும் எடுக்கப்படவில்லை என்று அவரே எழுதுகிறார். கிடைத்த பதில் "என் கிருபை உனக்குப்போதும்". இடையில் 11-ஆம் அதிகாரத்தில் பசி, தாகம், குளிர், நிர்வாணம் என்று பட்டியல் வேறு. விதைத்தால் என்ன விளையும் என்றும் 9-லேயே சொல்லிவிட்டார்: "மிகுந்த உதாரகுணத்திலே" சம்பூரணமாவீர்கள். அதாவது இன்னும் கொடுக்கிறவர்களாவீர்கள். எருசலேமில் கஷ்டப்பட்ட விசுவாசிகளுக்காகப் பணம் சேர்த்தபோது எழுதிய கடிதம் இது. எழுதியவர் பணக்காரர் ஆனதாக எங்கும் இல்லை.

எங்கள் சொந்தத்தில் ஒருவர் டி.வி.யில் பேசிய ஒரு ஊழியக்காரர் சொன்னதைக் கேட்டு, விசுவாச விதை என்று வளையலை அடகு வைத்து அனுப்பினார். வளையல் மூழ்கிப்போனது. போன் செய்து கேட்டால் இன்னும் கொஞ்சம் விதைக்கச் சொன்னார்கள். வட்டிக்கடைக்காரர்கூட இரண்டாவது தரம் யோசிப்பார்.

இப்போது உங்கள் விஷயம். 2 கொரிந்தியர் 8:12-ஐ எழுதி ஃப்ரிட்ஜில் ஒட்டுங்கள்: "அவனுக்கு இல்லாததின்படியல்ல, அவனுக்கு உள்ளதின்படியே அங்கிகரிக்கப்படும்." கடனை அடைப்பதும் ஆண்டவருக்குப் பிரியமான காரியம்தான், "மற்றொன்றிலும் ஒருவனுக்கும் கடன்படாதிருங்கள்" என்று எழுதியவரும் பவுல்தான். கந்துவட்டி, நகை அடகு, ஆப்பில் வாங்கிய கடன் என்று எது இருந்தாலும் வட்டி அதிகமானதை முதலில் முடியுங்கள். அதுவரை பத்து சதவீதம் கொடுக்க முடியவில்லை என்றால் முடிந்ததைக் கொடுங்கள், ஒரு பிடி அரிசியானாலும் சரி. அடியோடு நிறுத்த வேண்டாம். நிறுத்தினால் எல்லாமே என் சம்பாத்தியம், என் தலைவலி என்கிற எண்ணம் மெதுவாக வந்து உட்கார்ந்துகொள்ளும். புதுக் கடன் வாங்கிக் காணிக்கை போடவே போடாதீர்கள்.

உங்கள் ஐயரிடமோ, வாய் காக்கத் தெரிந்த ஒரு மூப்பரிடமோ தொகையைச் சொல்லி உட்கார்ந்து பேசுங்கள். பல சபைகளில் வைத்தியம், படிப்பு, விதவைகள் உதவி என்று நிதி இருக்கும்; கேட்க ஆள் வராமல் அப்படியே கிடக்கிற வருஷங்களும் உண்டு. கடனுக்கு நேரடியாகக் கொடுக்காவிட்டாலும் பிள்ளைகளின் பீஸுக்கு ஒரு வழி பிறக்கலாம். ஐயரிடம் போகக் கூச்சமாக இருந்தால் ஐயரம்மாவிடம் சொல்லுங்கள், வேலை சீக்கிரம் நடக்கும்.