சென்னையில் பி.எஃப்.ஏ. முடித்தவர் அமெரிக்கப் பள்ளியில் ஓவிய ஆசிரியராக என்ன படிக்க வேண்டும்? லைசென்ஸ் எப்படி வாங்குவது?

கேள்வி கேட்டவர் சென்னையில் நான்கு வருட பி.எஃப்.ஏ. (நுண்கலை இளங்கலை) முடித்திருக்கிறார், கணவருடன் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் பாஸ்டன் பக்கம் வரப்போகிறார், "எம்.எஃப்.ஏ. (நுண்கலை முதுகலை) சேர்ந்தால் போதுமா" என்றும் கேட்டிருக்கிறார். ஏறக்குறைய இதே நிலையில்தான் நானும் வந்தேன். எழும்பூர் கவின்கலைக் கல்லூரியில் பெயின்டிங் படித்தேன். இப்போது மாசசூசெட்ஸில் ஓர் அரசு ஆரம்பப் பள்ளியில் ஆர்ட் டீச்சர். ஆசிரியர் லைசென்ஸை இங்கே ஒவ்வொரு மாநிலமும் தனித்தனியாகக் கொடுக்கிறது, அதனால் நான் சொல்வது மாசசூசெட்ஸ் நிலவரம். வேறு மாநிலத்துக்குப் போகிறவர்களுக்குத் தேர்வின் பெயரும் மணிக்கணக்கும் மாறும்.

முதலில் எம்.எஃப்.ஏ. விஷயம். கல்லூரியில் சொல்லிக்கொடுக்க ஆசை என்றால் அதுதான் சரியான படிப்பு. ஸ்டுடியோ ஓவியத்தில் இங்கே அதற்கு மேல் பட்டம் தேவையில்லை, கல்லூரிகள் லைசென்ஸும் கேட்பதில்லை. ஆனால் நிரந்தர வேலைகள் குறைவு. நல்ல ஓவியர்கள் பலர் இரண்டு மூன்று கல்லூரிகளில் பகுதிநேரமாக வகுப்பெடுத்து ஓட்டிக்கொண்டிருக்கிறார்கள். அரசுப் பள்ளி என்றால் கதை வேறு. உங்கள் ஓவியம் எந்த கேலரியில் தொங்கியது என்பதெல்லாம் அப்புறம், முதலில் லைசென்ஸ் இருக்கிறதா என்றுதான் கேட்பார்கள். அதற்கான நேர்வழி எம்.ஏ.டி., அதாவது மாஸ்டர் ஆஃப் ஆர்ட்ஸ் இன் டீச்சிங். சில கல்லூரிகளில் எம்.எட். என்று இருக்கும். ஒரு வருடத்திலிருந்து இரண்டு வருடம் வரை.

இங்கேதான் கவனம் வேண்டும். பட்டம் கொடுப்பது கல்லூரி, லைசென்ஸ் கொடுப்பது மாநிலக் கல்வித் துறை. 'ஆர்ட் எஜுகேஷன்' என்று பெயர் வைத்த முதுகலைப் படிப்புகள் எல்லாமே லைசென்ஸில் போய் முடிவதில்லை. மியூசியத்திலும் சமூக மையங்களிலும் வேலை பார்க்கப் போகிறவர்களுக்கென்றே நடத்தப்படும் படிப்புகளும் உண்டு. அவை நல்ல படிப்புகள்தான், உங்களுக்கு உதவாது, அவ்வளவே. அட்மிஷன் அலுவலகத்துக்கு ஒரே ஒரு கேள்வியை மின்னஞ்சலில் அனுப்புங்கள்: "இந்தப் படிப்பை முடித்தால் மாசசூசெட்ஸ் இனிஷியல் லைசென்ஸுக்குப் பரிந்துரை செய்வீர்களா?" (பயிற்சிப் படிப்பை முடித்தவருக்குக் கிடைக்கும் முதல் முழு லைசென்ஸுக்குத்தான் இனிஷியல் என்று பெயர்.) ஆம் என்ற பதில் எழுத்தில் வந்தால் மட்டும் மேலே பேசுங்கள். ஆன்லைனில் வேறு மாநிலக் கல்லூரியில் படிக்க நினைப்பவர்களுக்கு இது இன்னும் முக்கியம்.

விஷுவல் ஆர்ட் லைசென்ஸ் இங்கே இரண்டு நிலைகளில் இருக்கிறது. ஒன்று மழலையர் வகுப்பிலிருந்து எட்டாவது வரை, இன்னொன்று ஐந்தாவதிலிருந்து பன்னிரண்டு வரை. சின்னப் பிள்ளைகளோடு உங்களுக்கு ஒத்துவருமா, பதின்வயதுப் பிள்ளைகளோடு ஒத்துவருமா என்பதை முன்கூட்டியே யோசித்துக்கொள்ளுங்கள். பயிற்சி எந்த வகுப்பில் என்பது அதைப் பொறுத்தது.

லைசென்ஸுக்காக மாநிலம் நடத்தும் ஆசிரியர் தேர்வுக்கு எம்டெல் (MTEL) என்று பெயர். இரண்டு பகுதி எழுத வேண்டும். ஒன்று எல்லா ஆசிரியர்களுக்கும் பொதுவான ஆங்கில வாசிப்பும் எழுத்தும். இன்னொன்று விஷுவல் ஆர்ட் பாடத் தேர்வு. பாஸ் மார்க் 240. நம்மவர்களுக்குப் பாடத் தேர்வில் ஐரோப்பிய, அமெரிக்கக் கலை வரலாறு கொஞ்சம் படிக்க வேண்டியிருக்கும், ஓவிய நுட்பக் கேள்விகள் தண்ணீர்பட்ட பாடு. எதிர்பாராத இடம் பாதுகாப்பு: மண்பாண்டத்துக்குப் பூசும் எந்த கிளேஸில் ஈயம் இருக்கும், எந்தத் தூளைக் குழந்தைகள் மூச்சில் இழுக்கக் கூடாது, காற்றோட்டம் எப்படி இருக்க வேண்டும் என்பது மாதிரி. டர்பென்டைன் வாடையிலேயே நான்கு வருடம் வளர்ந்த நமக்கு இதெல்லாம் புதுப் பாடம்.

ஒரு குறுக்கு வழியும் இருக்கிறது, சட்டப்படியான வழிதான். நான்கு வருடப் பட்டமும் எம்டெல் பாஸும் இருந்தால் புரொவிஷனல், அதாவது தற்காலிக லைசென்ஸ் வாங்கலாம். அதை வைத்துக்கொண்டு ஐந்து வருடம் வரை வேலை பார்க்கலாம், அதற்குள் அங்கீகரிக்கப்பட்ட படிப்பை முடித்து இனிஷியலுக்கு மாறிவிட வேண்டும். சம்பளம் வாங்கிக்கொண்டே படிக்கலாம் என்பதால் பலர் இப்படிப் போகிறார்கள். இந்த ஊர்ப் பள்ளி எதையும் உள்ளே போய்ப் பார்க்காதவர்களுக்கு இதை நான் சொல்ல மாட்டேன். முதல் வருடம் தனியாக ஒரு வகுப்பறையில் நிற்பது வேறு, மென்டர், அதாவது வழிகாட்டும் ஆசிரியர் ஒருவர் பக்கத்தில் நிற்பது வேறு.

சரி, எம்.ஏ.டி.யில் என்னதான் சொல்லித் தருகிறார்கள்? வரையச் சொல்லித் தர மாட்டார்கள். வரையத் தெரியும் என்று போர்ட்ஃபோலியோவை (உங்கள் ஓவியத் தொகுப்பை) பார்த்துத்தான் எடுத்திருக்கிறார்கள். குழந்தை வளர்ச்சி, பாடத்திட்டம் எழுதுவது, மதிப்பீடு, மாற்றுத்திறனுள்ள பிள்ளைகளுக்கு ஏற்றபடி பாடத்தை மாற்றுவது, வீட்டில் ஆங்கிலம் பேசாத பிள்ளைகள், அப்புறம் கலைக் கல்வியின் வரலாறு.

அந்த வரலாற்று வகுப்பு எனக்கு மிகவும் பிடித்தது. 1870இல் மாசசூசெட்ஸ் ஒரு சட்டம் போட்டது. 10,000 பேருக்கு மேல் வாழும் ஊர்கள் எல்லாம், பதினைந்து வயதுக்கு மேற்பட்டவர்களுக்குத் தொழில்சார்ந்த வரைபடக் கலையை இலவசமாகக் கற்றுத்தர வேண்டும். ஆலை முதலாளிகளுக்கு டிசைன் போடத் தெரிந்த ஆட்கள் தேவைப்பட்டார்கள், காரணம் அவ்வளவுதான். சொல்லிக்கொடுக்க ஆள் எங்கே? 1871இல் இங்கிலாந்திலிருந்து வால்டர் ஸ்மித் என்பவரை வரவழைத்தார்கள், 1873இல் ஓவிய ஆசிரியர்களை உருவாக்க ஒரு பள்ளியே தொடங்கினார்கள். இன்றைய மாஸ்ஆர்ட் கல்லூரி அதுதான். ஸ்மித் லண்டனின் சவுத் கென்சிங்டன் முறையில் பயின்றவர். கோடு, வடிவியல், அலங்கார வேலைப்பாடு எல்லாவற்றையும் படிப்படியாகப் பார்த்து நகலெடுக்கும் முறை அது. அலெக்சாண்டர் ஹன்டர் 1850இல் சென்னையில் தொடங்கிய ஓவியப் பள்ளிக்கும் (இன்றைய நம் எழும்பூர்க் கல்லூரி) அதே முறை பின்னால் வந்து சேர்ந்தது. 1884இல் அங்கே கண்காணிப்பாளராக வந்த ஹாவெல்லும் சவுத் கென்சிங்டனில் படித்தவர்தான். பாஸ்டனில் ஒரு வகுப்பறையில் உட்கார்ந்து இதைக் கேட்டபோது, முதல் வருடம் எழும்பூரில் பிளாஸ்டர் தலையைப் பார்த்துப் பார்த்து வரைந்ததெல்லாம் எங்கிருந்து வந்தது என்று புரிந்தது.

இங்கே அந்த முறை போய்விட்டது. வியன்னாவிலிருந்து நாஜிகளுக்குத் தப்பி வந்த கலைக் கல்வியாளர் விக்டர் லோவன்ஃபெல்ட் 1940களில் எழுதியவை பள்ளி ஓவிய வகுப்பையே திருப்பிப் போட்டன. குழந்தையின் ஓவியம் வயதுக்கேற்பக் கட்டம் கட்டமாக வளரும், பெரியவரின் ஓவியத்தை அளவுகோலாக வைத்து அதைத் திருத்தப் போகாதே என்பது சாரம். ஏழு வயதுப் பிள்ளை நிலத்தை ஒரு கோடாகத் தாளின் அடியில் போட்டு எல்லோரையும் அதன்மேல் நிற்க வைக்கும். அது தவறு இல்லை, அந்த வயதின் தர்க்கம். ஒன்பது, பத்து வயதில்தான் சிக்கல் தொடங்குகிறது. "எனக்கு வரைய வராது" என்று பிள்ளைகள் தாங்களே முடிவு கட்டிக்கொள்வது அப்போதுதான், ஏனென்றால் நிஜம்போல் இல்லை என்பது அப்போதுதான் கண்ணில் படுகிறது. ஒரு நல்ல ஆர்ட் டீச்சருக்கு மூன்றாம், நான்காம் வகுப்புகளில் செய்ய நிறைய இருக்கிறது. லோவன்ஃபெல்ட்டை முழுவதும் ஏற்றுக்கொண்டால் அந்த வயதில் கைவிட்டதுபோல் ஆகிவிடும் என்பது என் கருத்து. அந்தப் பிள்ளைகள் உத்தியைத்தான் கேட்கிறார்கள். ஒன்றன் பின்னால் ஒன்று நிற்பதை எப்படிக் காட்டுவது என்று சொல்லிக்கொடுத்தால் முகம் மலர்கிறது. நம் எழும்பூர்ப் பயிற்சி அங்கே கைகொடுக்கும்.

பிராக்டிகம் எனப்படும் பள்ளிப் பயிற்சிதான் இந்தப் படிப்பின் உயிர். குறைந்தது 300 மணி நேரம். அதற்கு முன்பே வகுப்புகளைப் போய்ப் பார்க்கும் பயிற்சி தனியாக இருக்கும். பள்ளியிலிருந்து ஒரு மென்டர் டீச்சர், கல்லூரியிலிருந்து ஒரு மேற்பார்வையாளர், இரண்டு பேரும் உங்கள் வகுப்பைப் பார்த்து மதிப்பிடுவார்கள். சில முறை சொல்லிவிட்டு வருவார்கள், சில முறை சொல்லாமல். சம்பளம் பொதுவாகக் கிடையாது, எனவே அந்த சில மாதங்களுக்கு வீட்டில் பணம், குழந்தைப் பராமரிப்பு இரண்டுக்கும் ஏற்பாடு செய்துகொண்டுதான் இறங்க வேண்டும். உள்ளே போகும் முன் குற்றப் பின்னணிச் சோதனை, கைரேகை எல்லாம் உண்டு.

என் மென்டர் முதல் வாரத்தில் சொன்னது: "பிள்ளையின் தாளில் உன் பென்சில் படக் கூடாது." எழும்பூரில் மாஸ்டர் வந்து கரித்துண்டை வாங்கி, நம் தாளிலேயே தோள் எலும்பை இழுத்துத் திருத்திவிட்டுப் போவார், நாம் அதைப் பாக்கியமாக நினைத்துக்கொள்வோம். இங்கே அது பெரிய குற்றம். திருத்த வேண்டுமானால் பக்கத்தில் வேறு தாளில் போட்டுக் காட்டு, அல்லது கேள்வி கேள். "இந்தப் படத்தில் என்ன நடக்கிறது? எதைப் பார்த்து அப்படிச் சொல்கிறாய்? வேறென்ன தெரிகிறது?" இந்த மூன்று கேள்விகளும் அமெரிக்க மியூசியக் கல்வியிலிருந்து பள்ளிக்கு வந்தவை. தொடக்கத்தில் எனக்கு நாடகம்போல் இருந்தது, பிறகு அதன் பலத்தைப் பார்த்தேன். படிப்பில் பின்தங்கியவன் என்று பெயர் வாங்கிய ஒரு பையன், மற்ற யாரும் கவனிக்காத நிழலின் திசையைச் சொன்னான்.

மீதி எல்லாம் நடைமுறை. நாற்பது, ஐம்பது நிமிட வகுப்பில் கடைசிப் பத்து நிமிடம் சுத்தம் செய்யவே போய்விடும். பிரஷ்ஷைக் கையில் கொடுத்த பிறகு பேசினால் ஒருவரும் கேட்க மாட்டார்கள், பேசி முடித்துவிட்டுத்தான் பொருளைக் கொடுக்க வேண்டும். இருபது பேருக்கு மேல் உள்ள வகுப்பில் சிங்க் இரண்டு என்றால் வரிசை எப்படி, ஈரமான தாள்கள் எங்கே காயும், கத்தரிக்கோல் பிடிக்க முடியாத விரல்களுக்கு என்ன மாற்று. லெஸன் பிளானில் இதையெல்லாம் எழுதச் சொல்வார்கள். எழுத அலுப்பாக இருக்கும், ஆனால் எழுதாத நாள் எப்படிப் போகும் என்பதை வகுப்பே காட்டிவிடும்.

ஒரு எச்சரிக்கை. இந்தியப் பெயரைப் பார்த்ததும் "ரங்கோலி பாடம் எடுக்கலாமே" என்பார்கள். நான் புள்ளிக்கோலம் எடுத்தேன், மூன்றாம் வகுப்புக்கு அது அருமையான சமச்சீர்ப் பாடம்தான். ஆனால் வருடம் முழுக்க 'இந்தியக் கலாசார டீச்சர்' ஆகிவிடாதீர்கள். மாநிலத்தின் கலைப் பாடத்திட்டம் கேட்பது படைப்பது, காட்சிப்படுத்துவது, பார்த்துப் பேசுவது, வாழ்க்கையோடு இணைப்பது என்ற நான்கும். அதற்குள் எந்த ஊர்க் கலையையும் கொண்டுவரலாம், பிரெஞ்சு ஓவியர் மாட்டிஸையும் சேர்த்து.

வேலை கிடைத்த பிறகு: ஆரம்பப் பள்ளி ஆர்ட் டீச்சருக்குப் பள்ளியின் எல்லா வகுப்புகளும் வாரத்துக்கு ஒருமுறை வரும், நானூறு பிள்ளைகளின் பெயரைக் கற்றுக்கொள்ள வேண்டியிருக்கும். சில பள்ளிகளில் தனி அறை இருக்காது, வண்டியில் பெயின்ட்டை வைத்துத் தள்ளிக்கொண்டு வகுப்பு வகுப்பாகப் போக வேண்டும். இன்டர்வியூவில் "ஆர்ட்டுக்குத் தனி அறை உண்டா, களிமண் வேலையைச் சுட மின்சூளை உண்டா, வருடத்துக்குப் பொருள் வாங்க எவ்வளவு?" என்று தைரியமாகக் கேளுங்கள். சம்பளம் அட்டவணைப்படிதான், கணக்கு டீச்சருக்கு என்னவோ ஆர்ட் டீச்சருக்கும் அதே. முதுகலை இருந்தால் அட்டவணையில் அதற்கேற்பக் கூடுதல் சம்பளம். ஊருக்கு ஊர் தொகை வேறு, அந்தந்தப் பள்ளி மாவட்டத்தின் ஒப்பந்தம் இணையத்திலேயே கிடைக்கும். மூன்று வருடம் இனிஷியலில் வேலை பார்த்த பிறகு அடுத்த நிலையான புரொஃபெஷனல் லைசென்ஸுக்கு விண்ணப்பிக்கலாம்.

விசா பற்றி நேரடியாகச் சொல்லிவிடுகிறேன். எச்-4இல் (எச்-1பி வேலை விசாக்காரரின் துணைவருக்கான விசா) இருந்துகொண்டே படிக்கலாம், சம்பள வேலைக்கு மட்டும் தனி வேலை அனுமதி வேண்டும். அது கணவரின் கிரீன் கார்டு விண்ணப்பம் எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்பதைப் பொறுத்தது. எஃப்-1 என்ற மாணவர் விசாவில் வந்தால் படிப்புக்குப் பின் பன்னிரண்டு மாத ஓபிடி (படித்த துறையில் வேலை பார்க்கும் அனுமதி) உண்டு, பொறியியல்காரர்களுக்குக் கிடைக்கும் இரண்டு வருட நீட்டிப்பு நமக்குக் கிடையாது. அரசுப் பள்ளிகள் பொதுவாக எச்-1பி வேலை விசாவுக்கான குலுக்கலுக்கு உட்பட்டவை, ஆர்ட் டீச்சருக்காக அந்தச் செலவையும் அலைச்சலையும் ஏற்கும் பள்ளி மாவட்டங்கள் அரிது. வேலை அனுமதி எப்போது வரும் என்று தெரியாமல் பெரிய கல்விக் கடன் வாங்கி இதில் சேராதீர்கள். அனுமதி வரும்வரை எம்டெல்லை எழுதி வைத்துக்கொள்ளலாம், பக்கத்துப் பள்ளியில் தன்னார்வலராகப் போகலாம்.

பரதநாட்டியம், கர்நாடக இசை கற்றவர்களுக்கும் வழி இதேதான். மாசசூசெட்ஸில் நடனம், இசை, நாடகம் மூன்றுக்கும் தனித்தனி லைசென்ஸ் உண்டு. இசைக்கு வேலைகள் இருக்கின்றன, ஆனால் பாடகர் குழுவையோ பேண்டையோ நடத்தத் தெரிய வேண்டும். நடனத்துக்கு முழுநேர வேலை மிகவும் குறைவு.

நீங்கள் இன்னும் சென்னையில்தான் இருக்கிறீர்கள் என்றால் கிளம்பும் முன் ஒரு வேலை. பல்கலைக்கழகத்தில் டிரான்ஸ்கிரிப்ட் விண்ணப்பித்து, சீல் வைத்த உறைகளில் சில பிரதிகள் வாங்கிவிடுங்கள். கல்லூரியில் நான்கு வருட சிலபஸை முத்திரையோடு நகலெடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் இந்தியப் பட்டத்தை அமெரிக்கப் பட்டத்தோடு ஒப்பிட்டு மதிப்பிடும் நிறுவனம் மதிப்பெண் பட்டியலைக் கேட்கும், எம்.ஏ.டி. கல்லூரியோ எத்தனை கிரெடிட் ஸ்டுடியோ, எத்தனை கிரெடிட் கலை வரலாறு என்று பிரித்துக் கேட்கும். சிலபஸ் கையில் இல்லையென்றால் படித்த பாடத்தையே இங்கே காசு கொடுத்து மறுபடி படிக்கச் சொல்வார்கள்.