திரைக்கு முன்னால் உட்கார்ந்தவர்

கேள்வி: சீனப் பேரரசர் குவாங்சு 33 ஆண்டுகள் அரியணையில் இருந்தாராம், ஆண்டதோ சிக்சி ராணியாம். அப்படியானால் அவர் வெறும் தலையாட்டி பொம்மைதானா?

பதில்: பொம்மை என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. சிக்சி அவருக்குப் பெரியம்மா. 1875 ஜனவரியில் சிக்சியின் மகன் வாரிசில்லாமல் இறந்ததும், தங்கை பிள்ளையான இந்த மூன்று வயதுக் குழந்தையை அன்றிரவே அரண்மனைக்குத் தூக்கிவரச் செய்தார். மகன் பேரரசனாகிறான் என்று கேட்ட தகப்பன் கதறி அழுது மயங்கி விழுந்தார். அரண்மனையின் உள்விவகாரம் தெரிந்தவர், பாவம்.

பெய்ஜிங் அரண்மனையில் அந்த அறை இன்றும் இருக்கிறது. முன்னால் பேரரசரின் இருக்கை. அதன் பின்னால் மஞ்சள் திரை. திரைக்குப் பின்னால் இன்னோர் இருக்கை. பிள்ளை முன்னால் உட்கார்ந்திருக்கும். முடிவுகள் திரைக்குப் பின்னாலிருந்து வரும். பெரியம்மாவை அவர் ‘அப்பா’ என்றுதான் கூப்பிட வேண்டும். இப்படி வளர்ந்த பிள்ளைக்கு எதிர்த்துப் பேச நா எழுமா?

ஆனாலும் எழுந்தது. 1895இல் ஜப்பானிடம் தோற்றுத் தைவானைப் பறிகொடுத்த அவமானம் அவரை உலுக்கிவிட்டது. 1898 ஜூனில் சீர்திருத்தம் கேட்ட அறிஞர் காங் யூவெய் போன்றவர்களின் யோசனையைக் கேட்டு, பள்ளிகள், தேர்வுமுறை, படை, நிர்வாகம் என்று ஆணை மேல் ஆணையாகப் பிறப்பித்தார். பீக்கிங் பல்கலைக்கழகம் அப்போது பிறந்ததுதான். மொத்தம் 103 நாட்கள். தலைநகரைச் சுற்றியிருந்த படையோ ரோங்லு கையில். அவர் சிக்சியின் ஆள். உதவுவார் என்று நம்பிய படைத்தளபதி யுவான் ஷிகாயும் கைகொடுக்கவில்லை. செப்டம்பரில் எல்லாம் முடிந்தது. சீர்திருத்தக்காரர்கள் ஆறு பேரின் தலை போனது. பேரரசரை ஏரி நடுவே யிங்தாய் தீவில் அடைத்தார்கள். துணிச்சல் இருந்தது, படை இல்லை. அவ்வளவுதான் வித்தியாசம்.

கேள்வி: அவர் சாவில் மர்மம் உண்டா?

பதில்: உண்டு. 1908 நவம்பர் 14இல் அவர் இறந்தார். மறுநாளே சிக்சியும் போய்ச் சேர்ந்தார். நூறு ஆண்டு கழித்து, 2008இல், குவாங்சுவின் தலைமுடியையும் உடைகளையும் சோதித்த முடிவுகள் வந்தன: உயிரைக் கொல்லும் அளவு ஆர்செனிக் என்ற நஞ்சு. கொடுத்தது யார் என்பதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை.

அப்புறம் ஒன்று. அவருக்குச் சிக்சி கட்டிவைத்தது தன் தம்பி மகளை. குவாங்சுவுக்கு மாமன் மகள். அந்த மணவாழ்க்கை ஒட்டவே இல்லை. 1912 பிப்ரவரியில், குவாங்சுவுக்குப் பின் வந்த ஆறு வயதுப் பேரரசன் பூயியின் சார்பில் முடிதுறப்பு ஆணையை வெளியிட்டது அந்த அம்மாள்தான்.