பாஸ் மீனுக்குச் செய்த இரை கொடுவாவுக்கு ஆகுமா?

கேள்வி: என் கணவர் ஞாயிறு தவறாமல் ராடை எடுத்துக்கொண்டு ஆற்றங்கரை முகத்துவாரத்துக்கோ பாம்பன் பக்கமோ கொடுவா பிடிக்கப் போய்விடுவார். டெக்சாஸில் வேலை பார்க்கும் என் அண்ணன் அங்கே ஏரிகளில் பாஸ் மீன் பிடிப்பவர். பொங்கலுக்கு ஊருக்கு வரும்போது மாப்பிள்ளைக்கென்று பெரிய சாஃப்ட் ஸ்விம்பெய்ட், அதாவது மீன் வடிவ ரப்பர் இரை, வாங்கி வருவதாகச் சொல்லி, எட்டு அங்குலம், பத்து அங்குலம் என்று படங்களாக அனுப்புகிறார். எதை வாங்கச் சொல்வது? நம் உப்புத் தண்ணீரும் வெயிலும் அதற்குத் தாங்குமா? கணவருக்குத் தெரியாமல் வாங்கிவைக்க வேண்டும் என்பது என் ஆசை.
– ஒரு வாசகி, உச்சிப்புளி

பதில்: அண்ணன் அனுப்பிய படங்களை இப்போதைக்கு ஒதுக்கி வையுங்கள். முதலில் பார்க்க வேண்டியது உங்கள் வீட்டில் சாய்த்து வைத்திருக்கும் அந்த ராடைத்தான். கைப்பிடிக்குச் சற்று மேலே, பொடி எழுத்தில் சில எண்கள் அச்சிட்டிருக்கும். அதில் நீளம் ஒன்று, நரம்பின் (தூண்டில் கயிற்றின்) பலம் ஒன்று. மூன்றாவதாக ‘லூர்’ அல்லது ‘காஸ்ட்’ என்ற ஆங்கிலச் சொல்லுக்குப் பக்கத்தில் 15–40 கிராம், 20–60 கிராம் என்பதுபோல, வீசக்கூடிய இரையின் எடைக்கு ஒரு வரம்பு இருக்கும். சில ராடுகளில் அது அவுன்ஸில் இருக்கும். ஒரு அவுன்ஸ் ஏறத்தாழ 28 கிராம். கணவர் வெளியே போன நேரத்தில் அந்த எழுத்தைக் கைபேசியில் படம் எடுத்து அண்ணனுக்கு அனுப்பிவிடுங்கள். ரீலையும் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். அண்ணன் பாஸ் பிடிப்பவர் என்பதால் பார்த்ததும் விஷயம் புரிந்துவிடும்.

உள்ளே ஈயம் வைத்த எட்டு அங்குல இரை பெரும்பாலும் 100 கிராமைத் தாண்டும். பத்து அங்குலம் அதற்கும் மேலே. 40 கிராம் ராடில் அதைக் கட்டி முழு வீச்சில் வீசினால் ராடின் நடுப்பகுதி ஒடியலாம். ஒடியாவிட்டாலும் பயந்து பயந்து பாதித் தூரத்துக்குத்தான் வீச முடியும். இன்னொரு சேதமும் உண்டு. ஸ்பின்னிங் ரீலில் வீச்சின் நடுவே கம்பி வளையம் தானாக மூடிக்கொண்டால், கனமான இரை நரம்பை அறுத்துக்கொண்டு கடலுக்குள் போய்விடும். விலை கொடுத்து வாங்கிய பரிசு முதல் வீச்சிலேயே தொலைந்துபோவது பெரும்பாலும் இப்படித்தான்.

ராடின் மேல் எல்லையில் முக்கால் பங்கு எடைக்குள் இரையைத் தேர்ந்தெடுங்கள். 60 கிராம் ராடு என்றால் 45 கிராம், 40 கிராம் ராடு என்றால் 30. இந்தக் கணக்கில் தூண்டில் முள்ளும் ஈயமும் சேர்த்தி. இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். முள் இல்லாமல் வெறும் உடலாக விற்கும் இரைகளின் உறையில் உடலின் எடை மட்டுமே போட்டிருக்கும். எடையேற்றிய முள்ளைக் கோத்த பிறகு அது எங்கேயோ போய் நிற்கும். இரண்டையும் கூட்டிப் பார்த்துச் சொல்லும்படி அண்ணனிடம் கேளுங்கள்.

ராடு எடை தாங்கும் என்றால்கூட, கொடுவாவுக்கு ஐந்திலிருந்து ஆறு அங்குலம் போதும் என்பதே எங்கள் தீர்மானமான கருத்து. எட்டு, பத்து அங்குல இரைகளுக்குப் பின்னால் வேறொரு ஊரின் கதை இருக்கிறது. தெற்குக் கலிபோர்னியாவின் நீர்த்தேக்கங்களில் வானவில் ட்ரவுட் மீன்களைக் கொண்டுவந்து விடுவார்கள். அவற்றைத் தின்று அங்கே பாஸ் மீன்கள் மிகப் பெரிதாக வளர்ந்தன. அந்த ட்ரவுட்டைப் போலவே அச்சு வார்த்ததுதான் பெரிய சாஃப்ட் ஸ்விம்பெய்ட். பெருவாய் பாஸின் உலகச் சாதனை எடை சுமார் 10 கிலோ. 1932-இல் ஜார்ஜியாவில் பிடித்த மீனும் 2009-இல் ஜப்பானின் பிவா ஏரியில் பிடித்த மீனும் அதைப் பகிர்ந்துகொள்கின்றன. அப்படி வாழ்நாளில் ஒரே ஒரு பெரிய மீனுக்காக நாள்கணக்கில் வீசிக்கொண்டிருப்பவர்களின் கருவி அது. உங்கள் கணவர் ஞாயிறு காலை இரண்டு மூன்று மணி நேரம் நிற்பவர். மடவைக் குஞ்சை விரட்டி வரும் கொடுவாவுக்கு, அந்த மடவையின் அளவில் ஒன்றைக் காட்டினால் போதும்.

அதனால் உருவத்தையும் மடவையை நினைத்துக்கொண்டே தேர்ந்தெடுங்கள். உருண்டு நீண்ட உடல், சாம்பல் அல்லது பச்சை கலந்த முதுகு, வெள்ளி வயிறு. பக்கவாட்டில் இளஞ்சிவப்புக் கோடு ஓடும் ட்ரவுட் நிறம் இங்கே கெடுதல் செய்யாது, பெரிதாக உதவவும் செய்யாது. மழைக்குப் பிறகு வைகைத் தண்ணீர் கலங்கி வரும் நாள்களுக்குக் கருமையான முதுகும் பொன்னிற வயிறும் உள்ள ஒன்று கூடுதலாக இருக்கட்டும். நிறத்தைப் பற்றி இவ்வளவு யோசித்தால் போதும். கலங்கிய தண்ணீரில் மீன் இரையின் அதிர்வை உணர்ந்துதான் தேடி வரும். ஆகவே வால்தான் முக்கியம்.

வாலின் முனையில் பூட்ஸின் அடிப்பாகம்போல ஒரு தட்டு இருக்க வேண்டும். அந்தத் தட்டுக்கு முன்னால் வால் மெலிந்திருந்தால், ரீலை மெதுவாகச் சுற்றினாலே ஆடும். அந்த இடம் தடித்திருந்தால் வேகமாக இழுத்தால்தான் அசையும். கொடுவாவுக்கு அந்த வேகம் ஆகாது. கடையில் அண்ணன் இரையின் தலையைப் பிடித்துத் தொங்கவிட்டு லேசாக ஆட்டிப் பார்க்கட்டும். உடல் அசையாமல் வால் மட்டும் துவண்டால் நல்லது.

முள் எங்கே இருக்கிறது என்பதில் மூன்று வகை உண்டு. உங்கள் கணவர் நிற்கும் தண்ணீரைப் பொறுத்து இதை முடிவு செய்யுங்கள்.

முதல் வகையில் முதுகிலிருந்து ஒற்றை முள் மேல்நோக்கி நிற்கும், ஈயம் உடலுக்குள் இருக்கும். மணல் தரையில் நன்றாக வரும். ஆனால் முள்ளுக்கும் முதுகுக்கும் இடைவெளி குறைவாக இருந்தால், மீன் கவ்வும்போது ரப்பர் உடல் திரண்டு முள்ளின் வாயை அடைத்துக்கொள்ளும். கடித்த மீன் மாட்டாமல் போவதற்கு இதுவே பெரும்பாலும் காரணம்.

இரண்டாவது, நரம்பு உடலின் ஊடே போகும் வகை. நரம்பை மூக்கின் துளையில் விட்டு வயிற்றின் அடியில் வெளியே எடுத்து, அங்கே மூன்று முள் ட்ரெபிளைக் கட்டுவார்கள். மீன் மாட்டியதும் இரை நரம்பில் வழுக்கி மேலே ஏறிவிடும், மீனின் வாயில் முள் மட்டும் மிஞ்சும். கொடுவா தண்ணீருக்கு மேலே எழும்பித் தலையை உதறும் மீன். கனமான இரை வாயில் தொங்கினால் அந்த உதறலில் முள் தெறித்துவிடும். இந்த வகையில் அந்தக் கவலை குறைவு, இரையும் கிழியாமல் தப்பும். பாம்பன் பக்கத்தில் திறந்த, ஓட்டமுள்ள தண்ணீருக்கு இதைத்தான் முதலில் சொல்வோம். மெகாபாஸ் நிறுவனத்தின் மேக்டிராஃப்டில் ட்ரெபிளை வயிற்றோடு ஒட்டிப் பிடிக்க ஒரு காந்தம் உண்டு, முள் ஆடி எதிலாவது சிக்குவதை அது குறைக்கும். ஆனால் அங்கே நரம்பு உடலின் ஊடே போவதில்லை, மூக்கில் கட்டுவதுதான்.

மூன்றாவது, புல்லில் சிக்காத வகை. எடையேற்றிய அகன்ற முள்ளை வயிற்றின் வழியே ஏற்றி, முனையை முதுகின் பள்ளத்தில் படுக்கவைப்பது. வடகடலில், அதாவது பாக் விரிகுடாப் பக்கம், கடல்புல் அடர்ந்து கிடக்கிறது. அங்கே ட்ரெபிளைக் கட்டி வீசினால் ஒவ்வொரு முறையும் ஒரு கைப்பிடிப் புல்தான் வரும். உச்சிப்புளியிலிருந்து போகிற தூரத்தில் உங்கள் கணவர் அதிகம் நிற்பது வடகடல் என்றால், இந்த மூன்றாவது வகையே சரி. ஐந்து அங்குல உடலுக்கு 5/0 அல்லது 6/0, ஆறு அங்குலத்துக்கு 7/0 அல்லது 8/0 அளவு முள் பொருந்தும். முள்ளின் வளைவு உடலின் பருமனைவிட நன்றாக அகலமாக இருக்க வேண்டும். இதில் மீன் கடித்ததும் ராடை பலமாக இழுத்தால்தான் முனை உடலைக் கிழித்துக்கொண்டு வெளியே வரும். அதை அவரிடம் சொல்லிவிடுங்கள்.

உப்புத் தண்ணீர் தாங்குமா என்று கேட்டீர்கள். ரப்பர் உடல் தாங்கும், முள்தான் தாங்காது. பாஸ் நன்னீர் மீன், அதற்கென்று செய்த முட்கள் பெரும்பாலும் மெல்லிய கம்பியில் இருக்கும். நம் கடலில் சில நாளிலேயே துரு பிடிக்கும். அதைவிட மோசம், கொடுவாவின் தாடை மெல்லிய ட்ரெபிளை நசுக்கி வளைத்துவிடும். எனவே ட்ரெபிளை மாற்ற வேண்டும். ஆறு அங்குல இரைக்குக் கடல் உபயோகத்துக்கான தடித்த 1/0 அல்லது 2/0, கூடவே முள்ளை இரையோடு இணைக்க அதே பலத்தில் இரட்டைச் சுற்று வளையங்கள். வளையத்தை விட்டுவிட்டு முள்ளை மட்டும் மாற்றினால் பலவீனம் வளையத்துக்கு இடம் மாறும், அவ்வளவுதான். முள் கனத்ததும் இரை வேகமாக மூழ்கும், சில சமயம் வால் ஆட்டமும் மந்தமாகும். மாற்றிய பிறகு ஊருணியிலோ வீட்டுச் சிமெண்ட் தொட்டியிலோ இழுத்துப் பார்க்க வேண்டும். ஒரு பக்கமாகச் சாய்ந்து வந்தால் முள் நடுக்கோட்டில் இல்லை என்று அர்த்தம்.

நரம்பிலும் ஒரு சிறு முதலீடு செய்யுங்கள். கொடுவாவின் செவுள் மூடி கத்தி போன்றது, வாயின் உட்புறமும் அரம்போலச் சொரசொரப்பு. பிரெய்டு (பின்னல்) நரம்பின் முனையில் 50 பவுண்டு ஃப்ளோரோகார்பன் அல்லது தடித்த தங்கூசியில் ஒரு மீட்டர் லீடர், அதாவது அறுபடாத முன்நரம்பு, இல்லாமல் இந்த இரைகளை வீசவே கூடாது. அண்ணன் ஒரு சுருள் லீடரும் வாங்கி வந்தால் கணவர் இரையைவிட அதற்கு அதிகம் சந்தோஷப்படலாம்.

எத்தனை வாங்குவது? நாலு நிறத்தில் நாலு விதமாக வாங்கத்தான் மனம் போகும். வேண்டாம். ஒரே இரையில், ஒரே நிறத்தில் இரண்டு வாங்குங்கள். ஒன்று எந்த வேகத்தில் எவ்வளவு ஆழம் போகிறது, எப்படி ஆடுகிறது என்று கைக்குப் பழகிய பிறகு அது தொலைந்தால், அதேபோல இன்னொன்று இருந்தால்தான் கற்றது வீணாகாது. அதோடு வெறும் உடலாக, நாலைந்து சேர்ந்து வரும் ஐந்து அங்குல பாக்கெட் ஒன்று, எடையேற்றிய முள் மூன்று, தடித்த ட்ரெபிள் ஒரு பாக்கெட், வளையம் திறக்கும் சிறு குறடு ஒன்று. அமெரிக்காவில் பெரிய இரை ஒன்றே பத்து டாலரிலிருந்து முப்பது டாலர்வரை ஆகும், அதற்கு மேலும் உண்டு. அந்தப் பணத்தில் ஒரு பத்து அங்குலத்தை வாங்குவதைவிட இந்தத் தொகுப்பு பல மாதம் உழைக்கும்.

அந்த ஐந்து அங்குல பாக்கெட்டை நாங்கள் வலியுறுத்தக் காரணம் பேத்தை மீன். கடல்புல் பகுதியில் பேத்தை கூட்டமாக வந்தால், ரப்பர் வாலைப் பிறை வடிவில் வெட்டிக்கொண்டு போய்விடும். ஊளியும் அப்படியே. வாலில்லாத இரை வெறும் ரப்பர்க் கட்டை. பேத்தை கடிக்கத் தொடங்கியது தெரிந்தால் விலை கூடிய இரையை உடனே கழற்றிவிட்டு, பாக்கெட் இரைக்கு மாற வேண்டும், இல்லையென்றால் இடத்தையே மாற்ற வேண்டும். கிழிந்த துண்டுகளைக் கடலில் எறியாமல் வீட்டுக்குக் கொண்டுவரச் சொல்லுங்கள். ஆவுளியா (கடற்பசு) மேயும் புல்வெளி அது.

கொண்டுவருவதிலும் ஒரு கவனம் வேண்டும். முட்கள் இருப்பதால் கைப்பையில் வைக்கக் கூடாது, விமானத்தில் ஏற்றும் பெரிய பெட்டியில்தான் வர வேண்டும். கடையில் கொடுத்த பிளாஸ்டிக் அச்சுக் கூட்டை விட்டு எடுக்கவே கூடாது. வாலை நேராகப் பிடித்து வைத்திருப்பதே அந்தக் கூடுதான். இடம் மிச்சமாகட்டும் என்று துணிகளுக்கிடையே செருகினால் வால் வளைந்து அப்படியே நின்றுவிடும், இரை சுழன்றுகொண்டு வரும். வளைந்துவிட்டால் பயப்பட வேண்டாம். கொதித்து இறக்கிய வெந்நீரில் வாலை அரை நிமிடம் முக்கி, நிமிர்த்திப் பிடித்து, அப்படியே குளிர்ந்த தண்ணீரில் விட்டால் சரியாகும்.

வெயில்தான் உண்மையான எதிரி. தகரக் கூரை அறை, வண்டியின் பெட்டி, வெயிலில் நிறுத்திய கார், இந்த மூன்றிலும் வைக்கக் கூடாது. சூட்டில் ரப்பர் இளகும், எண்ணெய் கசியும், அருகிலிருக்கும் இரையின் சாயம் இதில் ஏறும். இன்னொரு முக்கியமான விஷயம்: இஸட்-மேன் நிறுவனத்தின் எலாஸ்டெக் வகை இரைகள் வேறு பொருளால் ஆனவை. இழுத்தால் நீளும், எளிதில் கிழியாது, பேத்தைக் கடிக்கும் கொஞ்சம் தாக்குப்பிடிக்கும். ஆனால் சாதாரண ரப்பர் இரைகளோடு ஒரே பெட்டியில் வைத்தால் இரண்டும் ஒன்றையொன்று கரைத்துக் கூழாகிவிடும். அண்ணன் அதில் ஒரு பாக்கெட் வாங்கினால் அதன் சொந்த உறையிலேயே தனியாக இருக்கட்டும். 

கடலிலிருந்து வந்ததும் நல்ல தண்ணீரில் அலசி, நிழலில் முழுக்கக் காயவைத்த பிறகே பெட்டியை மூட வேண்டும். ஈரத்தோடு மூடினால் துருக்கறை உடலில் இறங்கும். சாதாரண ரப்பரில் சிறு கிழிசல் என்றால் இரண்டு பக்கத்தையும் நன்றாகத் துடைத்து, ஃபெவிக்விக் ஒரு சொட்டு விட்டு ஒரு நிமிடம் அழுத்திப் பிடித்தால் ஒட்டிக்கொள்ளும். பெரிய கிழிசலுக்கு, கத்தி முனையைச் சூடாக்கி இரண்டு ஓரத்தையும் லேசாக உருக்கிச் சேர்க்க வேண்டும். புகையை மூச்சில் இழுக்காமல் திறந்த வெளியில் செய்யச் சொல்லுங்கள்.

பொங்கல் சமயத்தில் வாடைக் காற்று வடகடலைக் கலக்கிக்கொண்டிருக்கும். தென்கடல் (மன்னார் வளைகுடா) பக்கம் ஒப்பீட்டில் அமைதியாக இருக்கும். பரிசு கைக்கு வந்த வாரமே வீசிப் பார்க்க ஆசைப்படுவார். அதனால் அண்ணனிடம் நரம்பு உடலின் ஊடே போகும் வகையில் இரண்டைச் சொல்லுங்கள். கடல்புல்லுக்கான பாக்கெட்டும் அகன்ற முட்களும், கச்சான் (தென்மேற்குக் காற்று) வீசத் தொடங்கி வடகடல் தெளியும்போது வேலைக்கு வரும்.