கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு பீச்சாங்கை

வணக்கம் சார்,

பத்துப் பதினைந்து வருடங்களுக்கு முன் வேலை விஷயமாக சியாட்டிலில் சில மாதங்கள் இருந்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஸ்பேஸ் நீடில் கோபுரத்துக்குப் பக்கத்தில் இருக்கும் ராக் இசை அருங்காட்சியகத்துக்குப் போனோம். அமெரிக்க ராக் கிடார் கலைஞர் ஜிமி ஹெண்ட்ரிக்ஸ் வுட்ஸ்டாக் இசை விழாவில் வாசித்த வெள்ளை கிடார் அங்கே கண்ணாடிப் பெட்டியில் இருந்தது. பார்த்ததும் அழுதுவிட்டேன். கூட வந்தவர்கள் இன்றும் சொல்லிச் சிரிக்கிறார்கள். "ஒரு மரக்கட்டைக்காகவா?" என்கிறாள் மனைவி. இசை ஒலியில்தானே இருக்கிறது? பொருளைப் பார்த்து அழுவது அசட்டுத்தனமா? (டிக்கெட் விலை, கட்டடத்தின் கோணல்மாணல், டி-ஷர்ட் கடை பற்றியும் எழுதியிருக்கிறேன். அன்று எடுத்த படம் இணைப்பில்.)

எஸ்.

அன்புள்ள எஸ்.,

அழுததற்கு மன்னிப்பெல்லாம் கேட்காதீர்கள். கடிதத்தில் எனக்குப் பிடித்ததே அந்த ஒரு வரிதான்.

டிக்கெட் விலைக்கு என்னிடம் பதில் இல்லை. கட்டடம் ஃபிராங்க் கெரி வடிவமைத்தது, 2000-ல் திறந்தார்கள். மோனோரயில் அதன் வயிற்றுக்குள் புகுந்து போகும். பிடிக்கவில்லை என்றால் சரி, விடுங்கள். ஆனால் டிக்கெட்டுக்கும் கட்டடத்துக்கும் டி-ஷர்ட்டுக்கும் நான்கு பத்தி எழுதிய நீங்கள், அழவைத்த கிடாரைப் பற்றி 'வெள்ளை' என்ற ஒரே சொல்லோடு நிறுத்திவிட்டீர்கள். மூன்று மணி நேரம் அங்கே என்னதான் பார்த்தீர்கள்?

அந்தக் கிடார் வலக்கைக்காரர்களுக்காகச் செய்தது. ஹெண்ட்ரிக்ஸ் இடக்கைக்காரர். அதைத் தலைகீழாகத் திருப்பி, கம்பிகளை வரிசை மாற்றிக் கட்டிக்கொண்டார். பொருளில் என்ன இருக்கிறது என்று கேட்டீர்களே, இதுதான் இருக்கிறது. ஸ்ட்ராட்டோகாஸ்டர் என்ற அந்தக் கிடார் வகையில், கம்பிகளைத் தாங்கும் பிரிட்ஜுக்குப் பக்கத்தில் இருக்கும் பிக்கப், அதாவது கம்பியின் அதிர்வை மின்சாரமாக்கும் பகுதி, சாய்வாக இருக்கும். மெல்லிய கம்பிகளின் ஒலியை பிரிட்ஜுக்கு நெருக்கமாகவும், தடித்த கம்பிகளின் ஒலியைக் கொஞ்சம் தள்ளியும் பிடிப்பதற்காக அந்தச் சாய்வு. திருப்பினால் சாய்வும் திரும்பிவிடுகிறது. தடித்த கம்பி முறுக்கேறிப் பேசும், மெல்லியது கொஞ்சம் கனியும். கீழே இருக்க வேண்டிய திருகுகள் மேலே, முழங்கை உரசும் இடத்துக்கு வந்துவிடும். ஸ்வரத்தை ஆட்டும் நெம்புகோலும் மேலே. தலைப்பகுதியில் தடித்த கம்பிதான் கடைசி முறுக்காணி வரை நீள வேண்டும். 1969 ஆகஸ்ட் 18, திங்கட்கிழமை காலை, ஞாயிறோடு முடிந்திருக்க வேண்டிய விழாவில், கூட்டத்தில் பெரும்பகுதி கிளம்பிப் போன பிறகு அவர் அமெரிக்க தேசியகீதம் வாசித்ததைக் கேட்டுத்தானே வளர்ந்தீர்கள்? அந்த ஒலியில் இந்தத் தலைகீழும் கலந்திருக்கிறது. டிரம்ஸ் வாசித்த மிட்ச் மிட்செலிடம் இருந்து ஏலத்துக்குப் போய், கடைசியில் அந்த அருங்காட்சியகத்தை நிறுவிய பால் ஆலன் கைக்கு வந்து, உங்கள் முன்னால் அது நின்றது. நீங்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டு செல்ஃபி எடுத்தீர்கள்.

கோபப்படுகிறேன், தெரிகிறது. காரணம் உண்டு. நானும் பீச்சாங்கைதான்.

இடக்கையால் வாசிப்பது ஹெண்ட்ரிக்ஸின் அப்பாவுக்குப் பிடிக்காது என்று தம்பி லியான் சொல்லியிருக்கிறார். அப்பா அறைக்குள் வந்தால் கிடாரை வலப்பக்கம் திருப்பி வாசிப்பாராம். 1959-ல் முதல் மின்கிடார் வாங்கித் தந்ததும் அதே அப்பாதான். எங்கள் வீட்டில் அப்பா ஒன்றும் சொல்ல மாட்டார். அந்த வேலை அத்தையுடையது. இடக்கை தட்டுக்குப் போனால் கரண்டிக்காம்பு மணிக்கட்டில் விழும். "சோத்தாங்கை எங்கேடா போச்சு?"

பத்தாம் வகுப்பு லீவில், சர்ச் பாடகர் குழுவில் வாசித்த ஒரு அண்ணனிடம் கிடார் கற்றுக்கொள்ளப் போனேன். நல்ல மனிதர், காசு வாங்கவில்லை. முதல் நாளே கிடாரைப் பிடுங்கித் திருப்பி வைத்தார். "கையை மாத்திப் பிடி. இப்படிப் பிடிச்சா ஊர் சிரிக்கும்." மூன்று கார்டு (பல ஸ்வரங்களைச் சேர்த்து மீட்டுவது) வந்தது. தாளம் வரவில்லை. வலது மணிக்கட்டு மரம் மாதிரி கிடந்தது. ராத்திரி மொட்டைமாடியில் யாருக்கும் தெரியாமல் திருப்பிப் பிடித்துப் பார்த்தேன். மணிக்கட்டு தானாக ஆடியது, ஆனால் கம்பியெல்லாம் தலைகீழ், கற்ற கார்டு ஒன்றும் விரலுக்கு அகப்படவில்லை. நான்காவது மாதம் விட்டுவிட்டேன்.

கம்பியைக் கழற்றி மாற்றிக் கட்டலாம் என்பது எனக்குத் தெரியாது சார். அரைமணி நேர வேலை. அண்ணனும் சொல்லவில்லை. அவருக்கும் தெரியாமல் இருந்திருக்கலாம். எனக்கு நாற்பது வயதான பிறகு, ஒரு புத்தகத்தில் ஹெண்ட்ரிக்ஸின் கிடார் படத்தைப் பார்த்து, கம்பிகளை எண்ணி, எது தடிப்பு எது மெல்லிசு என்று தேடியபோதுதான் புரிந்தது. நீங்கள் அருங்காட்சியகத்தில் அழுதீர்கள், நான் புத்தகக்கடையில் நின்றுகொண்டே அழுதேன்.

நம் ஊர்க் கதை தெரியாமலா இருப்பீர்கள்? மிருதங்கத்தில் பழனி சுப்பிரமணிய பிள்ளை இடக்கைக்காரர். மற்றவர்கள் வலக்கையால் வாசிக்கும் வலந்தலை முகத்தை அவருடைய இடக்கைதான் வாசித்தது. அவர் மேடையேறினால் உட்காரும் இடமே மாற வேண்டும், வயலின்காரர் எதிர்ப்பக்கம் நகர வேண்டும். கிடாரைத் திருப்புவதாவது ஒருவருடைய வேலை. இது மேடையையே திருப்புவது. அவர் வாசித்த மிருதங்கத்தை ஒரு கண்ணாடிப் பெட்டியில் வைத்தால் நான் வரிசையில் முதல் ஆளாக நிற்பேன். அசடு என்று யார் வேண்டுமானாலும் சொல்லிக்கொள்ளட்டும், உங்கள் மனைவி உட்பட.

ஒரு உதவி செய்யுங்கள். கிடாரைத் திருப்பினால் தோளில் போடும் வாரை மாட்டும் குமிழையும் மாற்ற வேண்டும். கிடார் உடலில் நீட்டிக்கொண்டிருக்கும் இரண்டு கொம்புகளில், நீளக்கொம்பில் இருந்து கழற்றிக் குட்டைக்கொம்பில் திருகுவார்கள். பழைய இடத்தில் துளை இருக்கிறதா என்று உங்கள் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். சரியாக அந்த இடத்தை உங்கள் தோள் மறைத்துக்கொண்டிருக்கிறது. வேறு படம் இருந்தால் அனுப்புங்கள், நீங்கள் இல்லாததாக.